நெட்டையும் குட்டையும்

பொள்ளாச்சி, ஆனைமலைத் தோப்புகளில் நெட்டைத் தென்னையும் குட்டைத் தென்னையும் ஒரே வாய்க்கால் தண்ணீரில் வளர்கின்றன. மரபணுவைக் கேட்டால், இரண்டும் வேறு வேறு கடல்களைக் கைகாட்டுகின்றன.

காய் கடலில் மிதந்து தீவுக்குத் தீவு கரையேறிய மரம் தென்னை. பீ கன், லூக் போதுவான், கென்னத் ஓல்சன் மூவரும் 1,300க்கும் மேற்பட்ட தென்னைகளின் டிஎன்ஏவை ஒப்பிட்டு 2011இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மனிதர்கள் தென்னையை இரண்டு இடங்களில் தனித்தனியே வளர்க்கத் தொடங்கியதை அது காட்டியது. ஒன்று, தென்னிந்தியா, இலங்கை, மாலத்தீவு, லட்சத்தீவு அடங்கிய நம் கடலோரம். மற்றொன்று, தென்கிழக்காசியத் தீவுகள். குட்டைகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது, பசிபிக் கூட்டத்தைச் சேர்ந்தவை. மடகாஸ்கர் பக்கம் இரு கூட்டமும் கலந்திருக்கின்றன. பழங்காலக் கடலோடிகள் படகில் தேங்காய் ஏற்றிப்போன தடம் அது என்கிறார்கள். ஏட்டில் இல்லாத ஒரு பயணத்தை மரத்தின் உடம்பிலிருந்து படிக்க முடிவது எனக்குப் பெரிய சந்தோஷம்.

குட்டை பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பது. நெட்டை பெரும்பாலும் வேற்று மரத்து மகரந்தத்தில் காய்ப்பது. இரண்டையும் சேர்க்கும் வேலையை 1930களிலேயே இன்றைய கேரளத்தின் நீலேஸ்வரத்தில் செய்து பார்த்துவிட்டார்கள். இன்று கொங்கு விவசாயிகள் நாற்றுப் பண்ணையில் கேட்டு வாங்கும் நெட்டை குட்டை வீரிய ஒட்டு அந்த வழியில் வந்ததுதான்.