பதினொரு மணிக்குள் பார்க்க வேண்டிய பூ

மாமரத்தடியில் புல்தரை நிலைக்காது. வெயில் எட்டாத வடக்குச் சுவரோரமும் அப்படித்தான். அந்த இடங்களில் சிமெண்ட் பூசிவிடுகிறார்கள். பார்க்கவே வருத்தமாக இருக்கிறது. கொஞ்சம் ஈரம் இருந்தால் போதும், கானாவாழை அங்கே படர்ந்து தரையை மூடிவிடும். களை என்று பிடுங்கி மாட்டுக்குப் போடுகிறோமே, அதே செடிதான். நம் மண்ணுக்கு உரியது, கீரையாகவும் சமைப்பார்கள். இலைக்காம்பு தண்டைத் தழுவும் இடத்தில் செம்பட்டை முடிகள் இருக்கும். அதுதான் அடையாளம்.

இதன் பூவைப் பார்த்ததே இல்லை என்பவர்கள் மாலையில் தோட்டத்துக்குப் போகிறவர்களாக இருப்பார்கள். காலையில் விரியும் பூ, நண்பகலுக்குள் குழைந்து சுருண்டுவிடும். ஏழெட்டு மணிக்குப் போங்கள். நின்றபடி பார்த்தால் நீலப் புள்ளிகள்தான் தெரியும், குந்தி உட்காருங்கள்.

முதலில் மடலைப் பாருங்கள். புனல்போல் கூடிய அந்தப் பச்சை மடலுக்குள் மொட்டுகள் காத்திருக்கும். ஒன்று வாடியபின் அடுத்தது வெளியே வரும். பிறகு இதழ்கள்: மேலே இரண்டு அகன்ற நீலம், கீழே ஒன்று சிறியதாக, வெளிறி. நடுவில் மேல்பக்கம் பளிச்சிடும் மஞ்சள் முடிச்சுகளைக் கூர்ந்து பாருங்கள். மகரந்தம் தருவது அவற்றின் வேலை இல்லை, தேனீயை வரவழைப்பதுதான். மெய்யான மகரந்தத் தாள்கள் மூன்றும் கீழே முன்னோக்கி நீண்டிருக்கும். இந்தப் பூவில் தேன் கிடையாது. மஞ்சளை நம்பி இறங்கும் தேனீயின் உடலில், கீழே இருக்கும் தாள்களின் மகரந்தம் ஒட்டிக்கொள்கிறது. ஒரு தேனீ வரும்வரை பொறுமையாக இருந்தால் இதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி மண்ணுக்கு அடியில் இருக்கிறது. நன்றாக வளர்ந்த செடி ஒன்றை வேரோடு மெல்லத் தோண்டி எடுத்துக் கழுவுங்கள். வெள்ளைத் தண்டுகளின் நுனியில் சிறு மொட்டுகள் தென்படும். அவையும் பூக்களே. ஒருபோதும் விரியாமல், வெளிச்சமே காணாமல், தமக்குள்ளேயே கருவுற்று விதை வைக்கின்றன. மேலே வண்டு வராவிட்டாலும் கீழே அடுத்த தலைமுறை உறுதி!

நட விரும்பினால் ஐப்பசி மழையில் இரண்டு மூன்று கணு உள்ள தண்டை ஒடித்து ஈரமண்ணில் படுக்கவைத்து அழுத்துங்கள். கணுதோறும் வேர்விடும். காய்கறிப் பாத்திக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம். மண்ணுக்குள் விதை வைக்கும் செடியைப் பிடுங்கித் தீர்க்க முடியாது. செங்கல் வரம்பு கட்டி, அதைத் தாண்டி வரும் தண்டுகளை வாரம் ஒருமுறை கிள்ளிவிடுங்கள். இளந்தண்டாக இருந்தால் அன்றைக்குப் பருப்போடு சேர்த்துக் கடைந்துவிடலாம்.