கழிவுத் தொட்டியை எங்கே வைப்பது?

ஜப்பானில் குடும்பத்தோடு கேம்ப் போக வேண்டுமென்றால் முதலில் திறக்க வேண்டியது எக்ஸெல் ஷீட். கூடாரத்துக்குப் பக்கத்திலேயே காரை நிறுத்தலாமா? தரை புல்லா மண்ணா? நெருப்பைத் தரையிலேயே மூட்டலாமா, இல்லை கால் வைத்த இரும்புத் தட்டில்தான் மூட்ட வேண்டுமா? (அநேகமாக எல்லா இடத்திலும் தட்டுதான்.) குப்பையை அங்கே போடலாமா, மூட்டை கட்டி வீட்டுக்கே கொண்டுவர வேண்டுமா? இரவு எத்தனை மணிக்குப் பேச்சை நிறுத்த வேண்டும்? யாத்சுகதாகே மலையடிவாரத்தில் இரண்டு இரவுகளுக்காக நான் போட்ட ஷீட்டில் நாற்பத்து மூன்று வரிசைகள். "நம்ம கல்யாணத்துக்குக்கூட நீ இவ்ளோ பண்ணல" என்றாள் மனைவி. ஏழு வயது மகளுக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. மான் வருமா?

அந்த வாரத்தில்தான் ர்யூசுகே ஹமாகுச்சியின் 'ஈவில் டஸ் நாட் எக்ஸிஸ்ட்' படத்தை இரண்டாவது முறை பார்த்தேன். முதல்முறை பார்த்தபோது எல்லோரையும்போல அதன் முடிவைப் பற்றித்தான் நண்பர்களோடு சண்டை போட்டேன். இந்த முறை கண்ணில் பட்டது வேறு. என் ஷீட்டில் நாற்பத்து நான்காவதாக இருந்திருக்க வேண்டிய, இல்லாத ஒரு வரிசை.

படத்துக்கு வருவதற்கு முன் இந்தத் திட்டமிடலின் சுகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதைக் கேலி செய்வது எளிது. ஆனால் அந்தச் சுகத்தை மட்டுமே கதையாக்கிய ஒரு படைப்பு ஜப்பானில் இருக்கிறது. அஃப்ரோ என்ற புனைபெயரில் எழுதுபவர் 2015இல் தொடங்கிய 'யுரு கேம்ப்' மங்கா. 2018இல் அனிமேவாக வந்து பிரபலமானது. பள்ளி மாணவி ரின், குளிர்காலத்தில் தனியாக மோதோசு ஏரிக்கரைக்கு சைக்கிளில் போய்க் கூடாரம் அடிக்கிறாள். குளிர்காலம் ஏன்? கூட்டமில்லை, பூச்சியில்லை. அங்கே நாதேஷிகோ என்ற இன்னொரு பெண், ஆயிரம் யென் நோட்டின் பின்பக்கத்தில் இருந்த ஃபுஜி மலைக் காட்சியை நேரில் பார்க்க வந்து, பெஞ்சிலேயே தூங்கிப்போய், இருட்டில் மாட்டிக்கொள்கிறாள். இருவரும் கப் நூடுல்ஸ் சாப்பிடுகிறார்கள். மலை மேகத்திலிருந்து வெளியே வருகிறது. அவ்வளவுதான் முதல் அத்தியாயம். சும்மா சொல்லக்கூடாது, அந்த கறி நூடுல்ஸ் ஆவிக்கு ஈடாக ஒரு காதல் காட்சியை நான் சமீபத்தில் பார்க்கவில்லை.

யுரு கேம்பில் வில்லன் கிடையாது. யாரும் யாரையும் ஏமாற்றுவதில்லை. கதைக்குத் தேவையான இழுவிசை முழுவதும் பட்டியலிலிருந்து வருகிறது: எந்த ஸ்லீப்பிங் பேக், கட்டணம் எவ்வளவு, பகுதிநேர வேலையில் எத்தனை நாள் சேர்த்தால் அந்த விளக்கை வாங்கலாம். விருந்தாளியின் பார்வையிலிருந்து கிராமப்புறம் எவ்வளவு அழகாக இருக்க முடியுமோ அவ்வளவு அழகாக இருக்கிறது. அங்கே ஏற்கெனவே வாழ்பவர்கள் கடைக்காரர்களாக, வழி சொல்பவர்களாக, பெரும்பாலும் புன்னகைப்பவர்களாக வருகிறார்கள்.

ஹமாகுச்சி மேசையை அப்படியே திருப்பிப் போடுகிறார். 2023 வெனிஸ் விழாவில் நடுவர் குழுவின் பெரும் பரிசை வென்ற இந்தப் படம், இசையமைப்பாளர் எய்கோ இஷிபாஷியின் மேடை நிகழ்ச்சிக்கான காட்சித் துணையாகத்தான் முதலில் தொடங்கியது. டோக்கியோவுக்கு அருகில் மிசுபிகி என்ற கற்பனைக் கிராமம். நடிகர்களுக்கு வாய்ப்பு தேடித் தரும் ஒரு ஏஜென்சி, கொரோனா கால அரசு மானியத்தைக் கையில் எடுப்பதற்காக அங்கே 'கிளாம்பிங்' தளம் அமைக்கப் பார்க்கிறது. கிளாம்பிங் என்றால் தெரியும்தானே, கூடாரத்துக்குள் மெத்தைக் கட்டில். நகரத்துக் குடும்பங்கள் கஷ்டப்படாமல் கஷ்டப்படுவதற்கான ஏற்பாடு. மானியத்துக்குக் கடைசித் தேதி இருக்கிறது. அதனால் ஏஜென்சி ஊழியர்களான தகாஹாஷியும் மயுசுமியும் கிராமத்துச் சமுதாயக் கூடத்தில் விளக்கக் கூட்டம் நடத்துகிறார்கள்.

இந்தக் கூட்டக் காட்சி சமீபத்திய சினிமாவில் எனக்கு மிகப் பிடித்தவற்றில் ஒன்று. மடக்கு நாற்காலிகள், திரையில் ஒரு விளம்பர வீடியோ, ஒலிபெருக்கி. ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்கிறார். ஒரே ஒரு இளைஞன்தான் கோபப்படுகிறான், அவனையும் பக்கத்தில் இருப்பவர்கள் உட்கார வைக்கிறார்கள். பேச்சு முழுக்கச் சுற்றிச் சுற்றி ஒரு கழிவுத் தொட்டியிடமே வந்து நிற்கிறது.

இங்கே ஒரு சின்ன விளக்கம். பாதாளச் சாக்கடை எட்டாத ஜப்பானிய ஊர்களில் 'ஜோகாசோ' என்ற தொட்டியை மண்ணுக்குள் புதைக்கிறார்கள். நம் ஊர் செப்டிக் டேங்குக்கு உறவுதான், ஆனால் காற்றைச் செலுத்தி, நுண்ணுயிர்களைக் கொண்டு நீரைச் சுத்தப்படுத்தி வெளியே விடும் சாதனம். அதன் அளவை லிட்டரில் சொல்வதைவிட ஆள்கணக்கில் சொல்வதுதான் வழக்கம். ஐந்து பேர் தொட்டி, ஏழு பேர் தொட்டி, பத்து பேர் தொட்டி. ஜப்பானியப் பார்வையாளருக்கு இந்தச் சொல் வீட்டுச் சொல். படத்தில் தளத்தின் கொள்ளளவு 64 பேர், தொட்டியோ 50 பேருக்கு. கிராமத்து ஆட்கள் இந்தக் கணக்கைப் பிடித்துக்கொள்கிறார்கள். தளம் எப்போதும் நிரம்பாது என்று கம்பெனி சொல்கிறது. நிரம்பினால்? தொட்டி இருக்கும் இடம் மேல்பக்கம், ஊர் குடிப்பதோ கீழே வரும் ஊற்றுநீர். அந்த நீருக்காகவே ஊரை விட்டு வந்து இங்கே ஊதோன் கடை போட்ட ஒரு பெண் எழுந்து அதை மெதுவாகச் சொல்கிறாள். மேலே இருப்பவர் செய்வது கீழே இருப்பவரிடம் வந்து சேரும் என்கிறார் ஊர்ப் பெரியவர். குரல் உயரவில்லை. மயுசுமி குறிப்பெடுக்கிறாள், அவள் முகம் மெல்ல மாறுகிறது.

விருந்தாளிகள் இந்தப் படத்தில் ஒருமுறைகூட வருவதில்லை. கூடாரம் அடிப்பதில்லை, குழந்தையைத் தோளில் தூக்குவதில்லை. 64 என்ற எண்ணாக மட்டுமே இருக்கிறார்கள். அந்த 64இல் மூன்று பேர் நாங்கள் என்று தோன்றியபோது ஷீட்டை மூடிவிட்டேன்.

இப்படிச் சொல்வதால் இதை நகரத்தானைத் திட்டும் படம் என்று நினைத்துவிடக் கூடாது. 1991இல் இசாவோ தகாஹதா எடுத்த 'ஒன்லி எஸ்டர்டே'யில் தாஏகோவுக்கு ஐந்தாம் வகுப்பில் ஒரே ஏக்கம்தான். மற்ற பிள்ளைகளுக்கு விடுமுறையில் போக ஒரு கிராமம் இருக்கிறது, எனக்கு இல்லையே. வீட்டில் ஒருவழியாக அவளை அதாமிக்குப் பாட்டியோடு அனுப்புகிறார்கள். அங்கே வெந்நீர்க் குளியலில் ஊறி மயங்கி விழுகிறாள், பயணம் முடிந்தது. (இதே அதாமிக்குத்தான் ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி'யில் பிள்ளைகள் வயதான பெற்றோரை அனுப்பிவைக்கிறார்கள். தூக்கம் கெட்டுத் திரும்பி வருகிறார்கள். ஜப்பானிய சினிமாவில் குடும்பம் அனுப்பிவைக்கும் பயணம் எதுவும் உருப்பட்டதாகத் தெரியவில்லை.) 27 வயதில் அவள் யாமகதாவுக்குக் குசும்பப் பூப்பறிக்கப் போகும்போது விவசாயி தோஷியோ அவளைத் திருத்துகிறான். நீ இயற்கை என்று ரசிக்கும் காடு, ஓடை, வயல் எல்லாவற்றையும் தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் உண்டாக்கியிருக்கிறார்கள் என்கிறான்.

ஹமாகுச்சியின் தகுமி கூட்டத்தில் சொல்வது இதன் அடுத்த படி. இந்த நிலம் போருக்குப் பிறகு குடியேறிகளுக்குக் கொடுக்கப்பட்டது, நாங்கள் மூன்றாம் தலைமுறை, ஒருவகையில் எல்லோரும் வெளியாட்கள்தான், நாங்களும் இங்கே ஓரளவு அழித்திருக்கிறோம், அளவு மீறாமல் இருப்பதுதான் விஷயம் என்கிறான். இதனால்தான் அவன் பேச்சில் மண்ணின் மைந்தன் வாடை இல்லை. தோஷியோவிடம் இருக்கும் பெருமிதம்கூட இவனிடம் இல்லை.

தகாஹாஷி விஷயத்தில் ஹமாகுச்சி காட்டும் கருணை வேறுவகை. அடுத்தமுறை ஊருக்கு வரும்போது அவன் தகுமியின் கோடரியை வாங்கி விறகு பிளக்கிறான். நாலைந்து தடவை தவறி, கடைசியில் கட்டை இரண்டாகப் பிளக்கும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். பத்து வருடத்தில் இப்படி ஒரு சந்தோஷம் இல்லையாம். இங்கேயே வந்துவிடலாமா என்று யோசிக்கிறான். ஊதோன் சாப்பிட்டுவிட்டு உடம்பு சூடாகிவிட்டது என்று பாராட்டுகிறான். அது ருசியைப் பற்றிய பேச்சு இல்லையே என்கிறார் கடைக்காரர். தியேட்டரில் எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். தகாஹாஷி நான்தான் என்று வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்தது. கிராமத்தை மருந்தாக விழுங்க வந்தவன்.

இதோடு ஒப்பிட 2022இல் வந்த 'யுரு கேம்ப்' திரைப்படம் நல்ல பொருத்தம். அதில் பெண்கள் வளர்ந்து வேலைக்குப் போகிறார்கள், யாமனாஷியில் கைவிடப்பட்ட ஓர் இடத்தைத் தாங்களே கேம்ப் தளமாக்குகிறார்கள். பாதியில் மண்ணுக்குள்ளிருந்து ஜோமோன் காலப் பானைத் துண்டு கிடைத்து வேலை நிற்கிறது. நல்ல திருப்பம். ஆனால் அந்த மண்ணில் முன்பு இருந்தவர்கள் ஆயிரமாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டவர்கள். அவர்கள் கூட்டத்துக்கு வந்து கேள்வி கேட்க மாட்டார்கள், அவர்களோடு சமரசம் சுலபம்.

முடிவைப் பற்றிப் பேசாமல் முடியாது. பார்க்காதவர்கள் இந்த இரண்டு பத்திகளைத் தாண்டிப் போகலாம். தகுமியின் மகள் ஹானா காணாமல் போகிறாள், ஊரே தேடுகிறது. பனிமூட்டத்துக்குள் அவள் குண்டடிபட்ட மானுக்கு எதிரே நிற்கிறாள். ஓடப் பார்க்கும் தகாஹாஷியை தகுமி கழுத்தை நெரித்து வீழ்த்துகிறான். இயற்கையின் பழிவாங்கல் என்று இதற்கு நிறைய விளக்கம் படித்தேன். எனக்கு அவை சோம்பேறித்தனமாகவே படுகின்றன. படம் முன்பே வைத்திருக்கும் ஒரு விவரத்தைக் கவனித்தால் போதும். கூட்டத்தில் ஊர்க்காரர்கள் கேட்ட இன்னொரு கேள்வி, இரவில் காவலாள் இருப்பாரா என்பது. 24 மணி நேரமும் ஆள் வேண்டும், இல்லையென்றால் விருந்தாளி மூட்டும் நெருப்பு காட்டைப் பிடிக்கும் என்கிறார்கள். மறுபக்கம் தகுமி மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவர மறந்துகொண்டே இருக்கிறான். ஒவ்வொரு முறையும் அவள் கிளம்பிப் போயிருக்கிறாள், தனியாகக் காட்டு வழியில். அடுத்தவரிடம் காவலாள் கேட்ட ஊரில், காவல் தவறியது அவன் வீட்டில். அந்தக் கழுத்து நெரிப்பில் எனக்குத் தெரிந்தது ஒரு தகப்பனின் குற்றவுணர்வு. கையில் கிடைத்தவன் கழுத்தில் அது இறங்குகிறது.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு குறை பாக்கி இருக்கிறது. ஹானா குழந்தையாக இல்லை. இறகு பொறுக்குகிறாள், மரப் பெயர்களைச் சொல்கிறாள், காட்டில் நடக்கிறாள். அடம், பசி, பொறாமை எதுவும் இல்லை. வெந்நீரில் மயங்கி விழும் தாஏகோவிடமும், நூடுல்ஸுக்காகக் கண்கள் விரியும் நாதேஷிகோவிடமும் இருக்கும் உடம்பு இவளுக்குக் கிடைக்கவில்லை. பெரியவர்களைத் தொட்டிக் கணக்கு வரைக்கும் நுணுக்கமாக எழுதிய ஹமாகுச்சி, குழந்தையை மட்டும் குறியீடாக விட்டுவிட்டார். அதனால்தான் அந்த முடிவு நம்மைத் திடுக்கிட வைக்கிற அளவுக்கு அழ வைப்பதில்லை. அவளுக்குச் சாப்பாட்டு மேசையில் ஒரே ஒரு சண்டைக் காட்சி கொடுத்திருக்கலாம்.

நாங்கள் போனோம். ரத்து செய்யவில்லை. யாத்சுகதாகேயில் பதினைந்து கூடாரங்களுக்கு மேல் அனுமதிக்காத ஒரு சின்ன இடம். பாத்திரம் கழுவும் தொட்டியருகே எண்ணெயைத் துடைத்துவிட்டுக் கழுவுமாறு கையால் எழுதி ஒட்டியிருந்தார்கள். தளத்தை நடத்தும் பெரியவரிடம், இந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டேன். விருந்தாளி யாரும் கேட்காத கேள்வி போலிருக்கிறது. கொஞ்சம் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். புல்லுக்குள் மூன்று வட்ட மூடிகள். எத்தனை பேர் தொட்டி, எப்போது புதைத்தது, எந்த வருடம் மோட்டார் பழுதானது, பின்னால் ஓடும் வாய்க்கால் யாருடைய வயலுக்குப் போகிறது என்று இருபது நிமிடம் பேசினார். மகள் ஒரு மூடியின் மேல் ஏறி நின்று, உள்ளே மோட்டார் ஓடுவதைக் காலால் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இது நடுங்குது."