தாய்வழி மரபும் வீணை தனம்மாள் வரலாறும்

வீணை தனம்மாளின் (1867–1938) குடிவரலாற்றைத் தந்தைவழியே தேடுவார் முதற்படியிலேயே நின்றுவிடுவர். நின்றபின், அவருக்குக் குடிவரலாறே இல்லை எனத் துணிதல் ஆராய்ச்சி நெறியன்று. தேடிய முறையின் குறையைத் தேடப்பட்டவர்மேல் ஏற்றுவதாகும். பாட்டி காமாட்சியம்மாள் தஞ்சை அரசவையில் ஆடியவர், தாய் சுந்தரம்மாள் இசைவல்லவர், மகள் செயம்மாள், அவர்தம் மகள் பாலசரசுவதி (1918–1984). பாலசரசுவதியின் பெயர்முன் நிற்கும் ‘டி’ என்னும் தலைப்பெழுத்தும் தந்தையைக் குறித்ததன்று, தஞ்சாவூரைக் குறித்தது. தலைப்பெழுத்தென்றாலே தந்தை பெயர் எனக் கொள்ளும் பழக்கம் நம்மை எத்துணை எளிதில் வழிதவறச் செய்கின்றது!

தாய்வழியைக் கண்டார் செய்யும் பிழை பிறிதொன்று உண்டு. அவர் கலை முழுவதையும் குருதிவழிச் சொத்தாக எழுதிவிடுகின்றனர். இதனை யாம் ஏற்கவில்லை. சுந்தரம்மாள் பயின்றது சியாமா சாத்திரியாரின் மைந்தர் சுப்பராய சாத்திரியாரிடம். பாலசரசுவதிக்கு இசை வீட்டில் கிடைத்தது. ஆடலோ நட்டுவனார் கந்தப்பப் பிள்ளை கற்பித்தது. பிறந்த வழியையும் பயின்ற வழியையும் ஒரே கொடிவழிப் படத்தில் கலந்து வரைந்தால், கந்தப்பப் பிள்ளை போன்ற ஆசிரியர்க்கு அப்படத்தில் இடமே இல்லாது போகும்.