'இருக்கலாம்' என்பது 'இருக்கிறது' ஆகாது

முடக்குவாதத்துக்குப் பெரும்பாலும் முதலில் எழுதித் தருவது மெத்தோட்ரெக்சேட். சிலருக்கு நன்றாகக் கேட்கும். சிலருக்கு வாந்தி, வாய்ப்புண். இதை மரபணுவை வைத்து முன்கூட்டியே சொல்ல முடியுமா?

புதுச்சேரி ஜிப்மர் குழு இதைத் தமிழ் நோயாளிகளிடமே தேடியது, நல்ல காரியம். இந்த மருந்து தடுக்கும் நொதிகளில் ஏடிஐசியும் ஒன்று என்பதால் கேள்வியும் நியாயமானது. 2016 கட்டுரையின் தலைப்பே, ஏடிஐசி மரபணுவின் 347சி>ஜி மாற்றத்துக்கும் பக்கவிளைவுக்கும் தொடர்பு 'இருக்கலாம்' என்றுதான் சொல்கிறது.

கட்டுரையைக் காட்டிப் பேசும்போது அந்த 'லாம்' காணாமல் போவதுதான் சிக்கல். ஒரு மையத்தில் கண்ட தொடர்பு மற்ற ஊர் நோயாளிகளிடமும் திரும்ப வரணும். அதுவரைக்கும் அதை 'இஃப்-எல்ஸ்' ஆக்கி மருந்தை மாற்ற முடியாது. அசதையோபிரின் கதை வேறு: என்யூடிடி15 மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு வெள்ளணு சரிவது பல நாடுகளில் உறுதியானது. அதற்கு டோஸ் வழிகாட்டியே உண்டு. மெத்தோட்ரெக்சேட்டுக்கு இல்லை.

திருப்பூரில் பீஸ் ரேட்டில் ஓவர்லாக் ஓட்டுபவர் மரபணு டெஸ்டுக்குக் காசு கட்டுமுன் கேட்க வேண்டியது: முடிவு எதுவானாலும் மருந்து மாறுமா? மாறாது என்றால் அது வீண் செலவு. வாரம் ஒரே நாள் மாத்திரை, ஃபோலிக் ஆசிட், தவறாத ரத்த, ஈரல் டெஸ்ட். இன்றைக்கு அவரைக் காப்பது இவைதான்.