சான்று எங்கே என்று கேட்டால் போதுமா?

"நூறு பேருக்குச் சொல்லிக்கொடுத்தால் ஒருவர் தங்குவார், அந்த ஒருவர் போதும்." தமிழ் விக்கிப்பீடியாவின் பயிற்சிப் பட்டறைகளைப் பற்றி யாராவது முகம் சுளித்தால் உடனே வரும் பதில் இது. 2003ல் தொடங்கிய கலைக்களஞ்சியம் தன்னார்வலர்களின் உழைப்பிலேயே இவ்வளவு தூரம் வந்திருப்பதால் இந்தப் பதிலை எடுத்தெறிந்துவிட முடியாது. ஆனால் தங்கிய அந்த ஒருவர் எதைக் கற்றுக்கொண்டு தங்கினார்? அந்தக் கேள்வி வருவதற்குள் பேச்சு அடுத்த பட்டறைக்குப் போய்விடுகிறது.

வழிகாட்டலே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆங்கில விக்கிப்பீடியாவில் 2007ல் உச்சம் தொட்ட தொகுப்பாளர் எண்ணிக்கை பிறகு சரிந்தது. நல்லெண்ணத்தோடு வந்த புதியவர்களின் திருத்தங்களும் மளமளவென்று நீக்கப்பட்டது அதற்கொரு காரணம் என்று 2013ல் வெளிவந்த ஆய்வு காட்டியது. புதியவர்கள் கூச்சமின்றிக் கேள்வி கேட்க 2012ல் அங்கே 'டீஹவுஸ்' திறந்தார்கள், பலன் இருந்தது. தமிழில் எழுதிப் பழக மணல்தொட்டி, உதவி கேட்க ஒத்தாசைப் பக்கம், பொதுவாகப் பேச ஆலமரத்தடி என்று பெயர்களே வாஞ்சையோடு அழைக்கின்றன. கோவை செம்மொழி மாநாட்டையொட்டி 2010ல் கல்லூரி மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி, 2017ல் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி, பிறகு இந்திய மொழி விக்கிப்பீடியாக்களுக்கான கட்டுரைப் போட்டியான வேங்கைத் திட்டம் என்று முயற்சிகளுக்கும் குறைவில்லை. 2017 மே மாதம் கட்டுரைகள் ஒரு லட்சத்தைத் தாண்டின. வேங்கைத் திட்டத்தின் இரண்டாம் சுற்றில் இந்திய மொழிகளில் தமிழ் முதலிடம் பெற்றது. இதெல்லாம் சாதனைதான்.

சிக்கல், சொல்லித்தரும் பாடத்தில் இருக்கிறது.

ஒரு பட்டறையின் காலைப் பொழுதைப் பாருங்கள். கல்லூரிக் கணினிக் கூடம். முதல் ஒரு மணி நேரம் கணக்குத் தொடங்குவதிலேயே போகும். ஒரே இணைய இணைப்பிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு கணக்குகள்தான் தொடங்க முடியும் என்பதால், முன்னேற்பாடு இல்லாவிட்டால் ஏழாவது மாணவர் கையைத் தூக்குவார். அதற்கான அனுமதி உள்ள பயிற்சியாளராக இருந்தால் தன் கணக்கில் நுழைந்து அவருக்கொன்று உருவாக்கித் தருவார். அடுத்துத் தட்டச்சு. தடித்த எழுத்து எப்படி, இரட்டைச் சதுர அடைப்புக்குள் உள்ளிணைப்பு எப்படி, பகுப்பு எப்படி, படம் எப்படி. சாப்பாட்டு நேரம் நெருங்கும்போது மிச்சமிருக்கும் பத்து நிமிடம் மேற்கோளுக்கு. அதிலும் சொல்லப்படுவது எந்தப் பொத்தானை அழுத்தினால் அடிக்குறிப்பு வரும் என்பதுதான். எதை நம்புவது, எதை எவ்வளவு நம்புவது என்ற பேச்சே எழாது. பிற்பகல் ஆளுக்கொரு கட்டுரை, குழுப்படம், சான்றிதழ்.

அதன்பின் வழிகாட்டல் பேச்சுப் பக்கத்துக்கு மாறுகிறது. "உரிய சான்று சேர்க்க வேண்டுகிறேன்" என்று மூத்த பயனர் பணிவாகவே எழுதுகிறார். புதியவர் கூகுளில் தேடி, முதலில் கண்ணில் பட்ட சுட்டியை ஒட்டுகிறார். 'மேற்கோள் தேவை' என்ற குறிப்பு மறைகிறது. இருவருக்கும் நிம்மதி. வாசகருக்கு என்ன கிடைத்தது என்று கேட்க அங்கே ஆளில்லை.

வெள்ளகோவிலில் இருந்து ஒரு மாணவி தன் ஊரைப் பற்றி எழுத உட்காருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஊர் எந்த மாவட்டம்? பழைய நூல்களில் கோயம்புத்தூர். 1979க்குப் பிந்தியவற்றில் பெரியார் மாவட்டம். அதுவே பின்னர் ஈரோடு. 2009 முதல் திருப்பூர். இணைப்பு ஒட்ட மட்டும் பழகியவள், இவற்றில் ஒன்றுதான் சரி, மற்றவை பிழை என்று நினைப்பாள். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை அழிப்பாள். அவள் வீட்டுப் பீரோவிலேயே விடை இருக்கக்கூடும்: தாத்தா காலத்துப் பத்திரம் கோயமுத்தூர் ஜில்லா என்று சொல்லும், அப்பா எழுதிய பத்திரம் ஈரோடு மாவட்டம் என்று சொல்லும், நிலம் ஒரே நிலம்தான். பத்திரத்தை விக்கிப்பீடியாவில் மேற்கோள் காட்ட முடியாது. ஆனால் ஒவ்வொரு சான்றும் தன் தேதியோடுதான் பேசுகிறது என்பதை அதைவிட நன்றாகச் சொல்லித்தரும் பாடப்புத்தகம் கிடையாது. எந்தப் பட்டறை அந்தப் பீரோவைத் திறக்கச் சொல்கிறது?

அந்த ஊரின் இன்னும் இரண்டு செய்திகளை எடுத்துக்கொள்ளலாம். வெள்ளகோவில் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் சூரியகாந்தி விதை ஏலம் போவது நாளிதழ்களில் தவறாமல் வருகிறது: இத்தனை மூட்டை, கிலோ இன்ன விலை. அந்த வாரக் கணக்குக்கு அது நல்ல சான்று. அதைக் கொண்டு ஊரின் முதன்மைப் பயிர் சூரியகாந்தி என்று எழுதினால் பிழை, ஏனென்றால் விதையைக் கொண்டுவரும் விவசாயிகள் வெளிமாவட்டங்களிலிருந்தும் வருகிறார்கள். பக்கத்தில் வட்டமலைக்கரை ஓடை அணை. அரசு ஆவணத்தில் அதற்கு ஆயக்கட்டு உண்டு; அணையோ பல்லாண்டுகள் காய்ந்து கிடந்தது. 2021ல் அங்கே பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத் (பி.ஏ.பி.) தண்ணீர் வந்ததே பெரிய செய்தியானது. அரசு ஆவணத்தை அடிக்குறிப்பில் போட்டு "இவ்வணையால் இத்தனை ஏக்கர் பாசனம் பெறுகிறது" என்று நிகழ்காலத்தில் எழுதினால் விதிப்படி குற்றமில்லை. உள்ளூர்க்காரர் சிரிப்பார்.

சான்றை எடைபோடுவதும் தறிவேலை போலத்தான். தறிக்கூடத்துக்குப் புதிதாக வருகிறவருக்கு இழை முடியக் கற்றுக்கொடுக்க ஒரு நாள் போதும். ஓடுகிற பாவில் எந்த இழை அறுந்தது என்று கண்டுபிடிக்கும் கண் வரத்தான் மாதங்கள் ஆகும். அதற்காகத்தான் பழகியவர் பக்கத்தில் நிற்கிறார். விக்கிப்பீடியாப் பட்டறைகள் முடிச்சை மட்டும் சொல்லிக்கொடுத்து ஆளைத் தனியே விட்டுவிடுகின்றன.

இதன் விலை என்ன என்பதை 2011ல் புனே காட்டியது. கல்லூரி மாணவர்களை ஆங்கில விக்கிப்பீடியாவில் எழுதவைக்க விக்கிமீடியா அறக்கட்டளை அங்கே ஒரு கல்வித் திட்டம் தொடங்கியது. துணைக்கு வளாகத் தூதுவர்களை அமர்த்தியது. தூதுவர்களில் பலரே தொகுத்தலுக்குப் புதியவர்கள். மாணவர்கள் புத்தகங்களிலிருந்தும் இணையத்திலிருந்தும் வரிவரியாக எடுத்து ஒட்டினார்கள். பதிப்புரிமை மீறல்களைத் துப்புரவு செய்தே மூத்த தொகுப்பாளர்கள் களைத்துப்போக, அந்த ஆண்டே திட்டத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. அந்த மாணவர்களுக்குப் பக்கங்களை நிரப்பத் தெரிந்திருந்தது. ஒரு நூலை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்ல ஆளில்லை.

தமிழில் அந்த அளவு விபத்து நடக்கவில்லை. இங்கே நடப்பது மெதுவான தேய்மானம். தானியங்கி கொண்டு ஆயிரக்கணக்கான ஊராட்சிகளுக்குக் கட்டுரைகள் உருவாக்கப்பட்டன: தொகுதி, வார்டு எண்ணிக்கை, 2011 மக்கள்தொகை, குடிநீர்க் குழாய்களின் கணக்கு. அடித்தளமாக அது பயனுள்ளதே. உள்ளூர்க்காரர் வந்து சதை சேர்ப்பார் என்பது எதிர்பார்ப்பு. உள்ளூர்க்காரர் வந்தார். "மிகவும் சக்தி வாய்ந்த, பழமையான கோயில்" என்று எழுதினார். அது நீக்கப்பட்டது, நியாயமாகவே. எவ்வளவு பழமை என்று 1887ல் வெளிவந்த நிக்கல்சனின் கோவை மாவட்டக் கையேட்டிலும், புலவர் செ. இராசு தொகுத்த கல்வெட்டு, செப்பேட்டு நூல்களிலும் தேடிப் பார்க்கலாம் என்று சொல்லத்தான் யாரும் வரவில்லை. பல ஊர்ப் பக்கங்களில் இன்றும் குழாய்க் கணக்குதான் மிச்சம்.

வழிகாட்டிகளுக்கும் நேரமில்லை, அவர்களும் தன்னார்வலர்களே என்பது உண்மை. ஆனால் நேரமில்லாதவர்கள் போட்டிக்கு மட்டும் எப்படி நேரம் கண்டார்கள்? வேங்கைத் திட்டத்தில் சொல்லெண்ணிக்கைக்குக் குறைந்தபட்ச அளவு இருந்தது, பைட்டுக்கும் இருந்தது. சான்றின் தரத்துக்கு அளவுகோல் வைப்பது கடினம் என்பதாலேயே அது வழிகாட்டலிலிருந்தும் நழுவிவிட்டது. இப்போது விக்கிமீடியா உருவாக்கியிருக்கும் புதுப்பயனர் முகப்பு, பல மொழிகளில் கணக்குத் தொடங்கியவுடன் ஒரு வழிகாட்டியைத் தானாகவே ஒதுக்குகிறது. ஆள் கிடைத்துவிடுவார். அந்த ஆளும் முடிச்சு மட்டும் பழகி வந்தவராக இருந்தால், தங்கிய அந்த ஒருவர் இன்னும் நூறு பேருக்கு அதையே சொல்லித்தருவார்.

அடுத்த பட்டறையை வெள்ளகோவிலில் வைப்பதானால் நூலகத்தில் வைக்கலாம். முதல் மணி நேரம் யாரும் கணினியைத் திறக்க வேண்டாம். மேசையில் நிக்கல்சன் கையேட்டின் படி ஒன்று, பலிகாவின் 1966 கோவை கெசட்டியர், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நூல், போன வாரத்து ஏலச் செய்தி, வீட்டிலிருந்து ஆளுக்கொரு பழைய பத்திரம். எது எந்தக் கேள்விக்கு ஆகும், எதற்கு ஆகாது என்று பிள்ளைகள் வாதாடட்டும். இரட்டைச் சதுர அடைப்பை டீ குடித்துவிட்டு வந்து அரைமணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம்.