புது டிஸ்க்கின் முணுமுணுப்பு

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியை ஒட்டிய சின்னக் கடை. என் லப்டொப்பைக் கவிழ்த்து வைத்துத் திருகாணிகளைக் கழற்றுகிறார் கடைக்காரத் தம்பி. கழற்றிய ஒழுங்கிலேயே அவை காந்தத் தட்டில் ஒட்டிக்கொள்கின்றன. எது எந்த மூலைக்கு என்பது அந்த வரிசையிலேயே இருக்கிறது. சில நாட்களாக 'டிக், டிக்' என்று அடித்துக்கொண்டிருந்த பழைய ஹாட் டிஸ்க் வெளியே வருகிறது. புதியது உள்ளங்கைக்குள் அடங்கினாலும் பாரமானது, குளிர்ந்தது. அதை அவர் அமுக்குவதில்லை. சாய்த்து, மெல்ல நகர்த்தி, பொருந்துகிற அந்தச் சின்ன ஒலிக்குக் காத்திருக்கிறார்.

பிறகு பென் ட்ரைவ், அதில் உபுண்டு இயங்குதளம். மொழிப் பட்டியலில் கீழே இறங்க இறங்க, 'தமிழ்' என்று எங்கள் எழுத்திலேயே ஒரு வரி. எத்தனை தரம் பார்த்தாலும் எனக்கு அது சந்தோசம்தான். நேரம் கேட்கும் உலகப் படத்தில் இலங்கை ஒரு பொட்டு. அம்புக்குறி தவறாமல் அதில் போய் நிற்கிறது. கோப்புகள் இறங்கத் தொடங்கியதும் டிஸ்க் முணுமுணுக்கிறது, கிடுகுக் கூரையில் தூறல் விழுவதுபோல. "கை வைச்சுப் பாருங்கோ அண்ணை" என்கிறார். விசைப்பலகைக்குக் கீழே மெல்லிய அதிர்வு. திரையில் பட்டை அசையாமல் நிற்கும்போதும் அவர் எதையும் தட்டுவதில்லை. காதை மட்டும் கொடுத்திருக்கிறார். ஓசை இருக்கும்வரை வேலை நடக்கிறது. முடிந்ததும் தமிழ்99 விசைப்பலகை முறையில் 'அம்மா' என்று அடித்துப் பார்க்கிறார். கடைசி இரண்டு திருகாணிகளை அதுவரை பூட்டவில்லை.