முட்டிக்குள் தடவும் சுண்ணாம்பு

உடுப்பிட்டியில் பனையில் சீவிய பாளைக்கு முட்டி கட்டும்போது உள்ளே சுண்ணாம்பு தடவினால் விடியற்காலையில் இறங்குவது கருப்பநீர், தடவாவிட்டால் கள்ளு. மரமும் பாளையும் ஒன்றுதான். வடமராட்சிச் சீவல் தொழிலாளரின் இந்தக் கைப்பக்குவத்தை முதல்தரமான இரசாயனம் என்றே சொல்வேன்.

பாளை நீரில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்குமேல் சர்க்கரை, பெரும்பாலும் சுக்குரோசு. காற்றிலும் பழைய முட்டியிலும் இருக்கும் மதுவம் அதைக் குளுக்கோசாகவும் பிரற்றோசாகவும் பிளந்து, மதுசாரமும் காபனீரொட்சைட்டும் ஆக்கிவிடும். கள்ளின் நுரை அந்த வாயுதான். சுண்ணாம்பு, அதாவது கல்சியம் ஐதரொட்சைட்டு, நீரைக் காரமாக்குகிறது. அந்தக் காரத்தில் மதுவம் பெருகாது.

பனங்கட்டியின் இரகசியமும் இதுவே. பிளவுபட்ட சர்க்கரை எவ்வளவு காய்ச்சினாலும் பாகாக ஒட்டிக்கொண்டு நிற்கும், இறுகாது. பிளவுபடாமல் காக்கப்பட்ட சுக்குரோசுதான் பளிங்காகி, ஓலைக் குட்டானுக்குள் கட்டியாகிறது. முதல்நாள் மாலை முட்டியில் தடவியது மறுநாள் தாச்சியில் பலன் தருகிறது!

அளவு முக்கியம். குறைந்தால் புளிக்கும், கூடினால் நாக்கில் காறும். அளவுகோல் கிடையாது, விரல்தான். தடவுகிற பொருளுக்கும் பஞ்சமில்லை: யாழ்ப்பாணக் குடாநாடே மயோசீன் காலச் சுண்ணக்கல்லின்மேல் இருக்கிறது. அந்தக் கல்லைச் சூளையில் சுட்டு நீர் தெளித்தால் சுண்ணாம்பு.

கருப்பநீரில் மாங்காய்த் துண்டு போட்டுக் குடிப்பவர்களுக்கும் இதில் பங்குண்டு. மாங்காயின் புளிப்பு அமிலம்; மிஞ்சிய சுண்ணாம்பின் காரத்தை அது தணிக்கிறது. பிளாவில் ஊற்றிக் குடிக்கும்போது காறல் குறைந்து இனிப்பு மேலெழுவது அதனால்தான்.